பதினேழாம் நாள், பனியனில் ஒரு கறை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. பதினான்கு வருடமாகச் சர்க்கரை. பெங்களூரில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து 8-ஆம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இன்றைக்கு 17-ஆம் நாள். நெஞ்சுத் தையல் காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். மூன்று நாளாகக் கீழ் முனையில் பட்டாணி அளவு இடம் ஈரமாகவே இருக்கிறது, பனியனில் மஞ்சள் கறை படுகிறது. காய்ச்சல் இல்லை. வலி மட்டும் கொஞ்சம் கூடின மாதிரி இருக்கிறது என்கிறார். வெறும் வயிற்றில் 140-க்குள் இருந்த சர்க்கரை மூன்று நாளாக 210, 230 என்று காட்டுகிறது. மாம்பழம் தின்றதால்தான் என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டு அத்தை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்கிறார். மருந்துக்கடையில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. ரிவ்யூ 30-ஆம் நாள். பெங்களூர் போய்வரக் கார் வாடகையே கையைக் கடிக்கிறது. அதுவரை பொறுக்கலாமா? 
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில் (இதய அறுவைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த செவிலியர், கிருஷ்ணகிரி):

பொறுக்க வேண்டாம்மா. கடிதம் வந்த அன்றே உங்களிடம் போனில் சொன்னதும் இதுதான். இதே நிலைமையில் இருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பைபாஸ் என்றால் நடு நெஞ்செலும்பை மேலிருந்து கீழ்வரை அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டி மூடுவார்கள். மேலே தோலை மூடும் தையல் இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். உள்ளே எலும்பு ஒன்றுசேர ஆறிலிருந்து எட்டு வாரம், நன்றாக உறுதிப்பட மூன்று மாதம்கூட ஆகும். வெளியே காய்ந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிறோம். உள்ளே எலும்பு இன்னும் கம்பியின் தயவில்தான் நிற்கிறது. கிருமி தோலோடு நின்றால் சின்ன விஷயம். எலும்பைத் தாண்டி, இதயத்தைச் சுற்றியுள்ள இடத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அப்படிப் போவது அபூர்வம், நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஆனால் சர்க்கரை உள்ளவர், உடல் பருத்தவர், பீடி சிகரெட் பிடித்தவர் என்றால் வாய்ப்பு கூடுகிறது. அதுவும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டாவது வாரத்துக்கு மேல்தான் தலைகாட்டும். ஆஸ்பத்திரியில் எங்களைப் போன்றவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை காயத்தைப் பார்ப்போம். வீட்டுக்கு வந்ததும் சட்டைக்குள் போய்விடும், அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. உங்கள் அப்பா விஷயத்தில் பனியன்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது.

காயம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளை மட்டும் வைத்துப் பார்த்தால் யாருக்குமே ஒன்றும் புரியாது. நேற்றைக்கு இன்றைக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஆறுகிற காயம் ஒரே பக்கமாகப் போகும்: வலி குறையும், சிவப்பு மங்கும், ஈரம் காயும். முதல் சில நாள் இளஞ்சிவப்பாகவோ தண்ணீர் போலவோ லேசாகக் கசிவது சகஜம். தையல் ஓரத்தில் நூல் அகலத்துக்குச் சிவப்பு, பொருக்கு, அரிப்பு எல்லாம் சகஜம். நெஞ்சின் இடது பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அங்கே உள்சுவரிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்துத்தான் இதயத்தில் இணைத்திருப்பார்கள், அதனால்தான். மாதக்கணக்கில் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் காய்ந்த இடம் மறுபடி ஈரமாவது, குறைந்த வலி மறுபடி ஏறுவது, இதெல்லாம் காயம் திரும்பி நடக்கிறது என்று அர்த்தம். அப்படித் திரும்பினால் ரிவ்யூ தேதியைப் பார்க்கக் கூடாது.

உங்கள் அப்பாவுக்கு மூன்று விஷயம் ஒரே சமயத்தில் திரும்பியிருக்கிறது. கசிவு, வலி, சர்க்கரை. இதில் சர்க்கரையைத்தான் நான் முதலில் கவனித்தேன். உடம்பில் எங்காவது கிருமி வேலை செய்தால் சர்க்கரை தானாக ஏறும், மாத்திரையும் இன்சுலினும் போட்டபடியே இருந்தாலும் ஏறும். பாவம், இந்த சீசனில் எல்லாப் பழியும் மாம்பழத்தின் மேல் விழுகிறது. ராத்திரி இரண்டு துண்டு தின்றால் தின்ற பிறகு பார்க்கும் அளவு எகிறும், சரி. மூன்று நாள் காலையில் தொடர்ந்து, வெறும் வயிற்றில், 140 இருந்தவருக்கு 230 என்றால் இரண்டு துண்டு பெங்களூரா மாம்பழத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சர்க்கரை ஏறினால் காயம் ஆறாது, காயத்தில் கிருமி இருந்தால் சர்க்கரை இறங்காது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றும். இன்சுலின் அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். எண்களைத் தேதியோடு எழுதி டாக்டரிடம் படித்துக்காட்டுங்கள்.

காய்ச்சல் இல்லை என்பதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். வயதானவருக்கும் நாள்பட்ட சர்க்கரைக்காரருக்கும் உள்ளே சீழ் இருந்தும் காய்ச்சல் வராமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரு கேள்வி, காய்ச்சல் இல்லை என்று எப்படித் தெரியும்? கழுத்தில் கை வைத்துப் பார்த்ததாகச் சொன்னீர்கள். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். காலையும் மாலையும், வலி மாத்திரை போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாத்திரை வேலை செய்வது மட்டும்தான் தெரியும். 100.4 டிகிரியைத் தொட்டால் அது காய்ச்சல், அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

இன்னொரு சோதனை, கருவியே வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, காயத்தின் மேல் சுத்தமான காஸ் துணி வைத்து, உள்ளங்கையை நெஞ்செலும்பின் மேல் தட்டையாக வையுங்கள். அழுத்தக் கூடாது. அப்பாவை மெல்ல இருமச் சொல்லுங்கள். எலும்பு ஒரே பலகை மாதிரி அசைந்தால் நல்லது. உங்கள் கைக்கடியில் ‘கடக்’ என்று ஏதாவது இடறினாலோ, இரண்டு பாதி தனித்தனியாக நகர்கிற மாதிரி தெரிந்தாலோ, இருமும்போது காயத்திலிருந்து குபுக்கென்று நீர் வந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டாம், உடனே கிளம்ப வேண்டியதுதான். படுக்கையில் புரளும்போது நெஞ்சில் சத்தம் வருகிறது என்று நோயாளியே சொல்வார். பல வீடுகளில் அதை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு தடவை நானே தவறியிருக்கிறேன். அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம்தான். வார்டு போனில் ஒரு அம்மா, வீட்டுக்காரருக்குக் காயத்தில் ‘கொஞ்சம் தண்ணி’ வருகிறது என்றார். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். ரிவ்யூவுக்கு வரும்போது காட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்து அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். மறுபடி நெஞ்சைத் திறந்து, கம்பியை எடுத்து, உள்ளே கழுவி, உறிஞ்சும் டிரெஸ்ஸிங் வைத்து, கடைசியில் மார்புத் தசையைத் திருப்பி மூட வேண்டியதாயிற்று. வாரக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாக மருந்து. பிழைத்தார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, ‘நீதானே சொன்ன, சிஸ்டர்’ என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். அதற்கப்புறம் போனில் யார் ‘தண்ணி’ என்றாலும் நான் கேட்கிற முதல் கேள்வி காய்ச்சலைப் பற்றி இல்லை, எத்தனையாவது நாள் என்பதுதான்.

மருந்துக்கடை மாத்திரையை ஆரம்பிக்காமல் வைத்திருந்தீர்களே, அது ரொம்ப நல்லது. கசிவை ஒரு குச்சியில் தொட்டு எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினால்தான் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியும். அதற்கு முன்னால் இரண்டு வேளை மாத்திரை போட்டுவிட்டால் கிருமி சாகாது, ஒளிந்துகொள்ளும். கல்ச்சரில் ஒன்றும் வளராது, உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கிளினிக்கில் போடுகிற ஒரு ஊசியும் அப்படித்தான், அன்றைக்குத் தெம்பாக இருப்பார், இரண்டு நாள் கழித்து நாம் இன்னும் பின்தங்கியிருப்போம். கடுமையான காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் மட்டும் கல்ச்சருக்காக வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தத்தை எடுத்துக்கொண்டு அவர்களே உடனே மருந்தை ஏற்றிவிடுவார்கள்.

அத்தையிடம் சண்டை போட வேண்டாம். மஞ்சளை மோர்க்குழம்பில் போட்டுக்கொள்கிறோம் அத்தை என்று சொல்லிவிடுங்கள். அரைத்த அம்மி, தண்ணீர், வேப்பிலையில் ஒட்டிய மண் எல்லாம் சேர்ந்துதான் காயத்துக்குள் போகும். போதாததற்கு மஞ்சள் நிறத்தில் சீழையும் மறைத்துவிடும். தேங்காய் எண்ணெய், பவுடர், விபூதி, இவற்றுக்கும் இதே பதில்.

இனி போன். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். ரிசப்ஷனில் ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று ஆரம்பித்தால் ஓபிக்கு வரச்சொல்லித் தேதி கொடுப்பார்கள். இதய அறுவைப் பிரிவுக்குக் கொடுங்கள் என்று கேட்டு, இப்படிச் சொல்லுங்கள்: ‘பைபாஸ் ஆகி 17-ஆம் நாள். சர்க்கரை நோயாளி. காய்ந்திருந்த நெஞ்சுக் காயத்தில் கீழ் முனையில் மூன்று நாளாகப் புதிதாகக் கசிவு. வலி கூடியிருக்கிறது. வெறும் வயிற்றில் 230. காய்ச்சல் இல்லை. எலும்பில் சத்தம் இருக்கிறது’ அல்லது ‘இல்லை’. இவ்வளவுதான். இதைக் கேட்டால் எந்த டியூட்டி டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார். கன்னடத்தில் பேசுவார்களே என்று தயங்கினீர்கள். பாலக்கோட்டில் கன்னடம் தெரிந்த ஆளுக்கா பஞ்சம்?

பேசுவதோடு போட்டோவும் அனுப்புங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், காயம் முழுவதும் தெரிய ஒன்று, கசிகிற இடம் மட்டும் ஒன்று. அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொள்ளலாம், உடம்பில் படாமல். கறை படிந்த பனியனையும் எடுங்கள், துவைத்துவிடாதீர்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்பு இருந்தால் அதன் எல்லையில் பேனாவால் ஒரு கோடு. ஆறு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் யாரிடமும் அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை.

பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாக ரயில் இருக்கிறதே, அதில் போகலாமா என்று கேட்டீர்கள். கூட்டத்தில் இடிபட்டு, படியில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறுவது அந்த எலும்புக்கு ஆகாது. காரில் பின் சீட், பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சின்னத் தலையணை. செலவுதான், தெரிகிறது. முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்திருந்தால், மறுபடி சேர்க்க வேண்டி வந்தால் எதெல்லாம் அதில் வரும் என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், அட்டையை மறக்காமல்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காயத்தைத் தொடுகிறவர் ஒருவராகவே இருக்கட்டும், நீங்களோ அம்மாவோ. மாடு கறந்த கையோடு வந்து கட்டைப் பிரிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். சோப்பு போட்டு நிதானமாகக் கழுவிய கை. கசிகிற இடத்தில் காய்ந்த, கிருமி நீக்கிய காஸ் துணி. பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். நனைந்தால் மாற்றுங்கள். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும், சட்டையைத் திறந்து காட்ட வேண்டாம். காயம் மூடி இருக்கிறவர்கள் தினமும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் ஊற்றிக் குளிக்கலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். உங்கள் அப்பா டாக்டர் பார்க்கும்வரை நெஞ்சை நனைக்காமல் உடம்பைத் துடைத்துக்கொள்ளட்டும். சாப்பாட்டில் ‘புண்ணுக்கு ஆகாது’ என்று முட்டையை நிறுத்தியிருக்கிறீர்கள். புண் ஆறுவதே அந்தச் சத்தில்தான். முட்டை வெள்ளை, பருப்பு, கொள்ளு, மொச்சை எல்லாம் கொடுங்கள். கேழ்வரகுக் களி தாராளமாகச் சாப்பிடலாம், உருண்டையின் அளவு மட்டும் சர்க்கரையைப் பார்த்து.

காலைப் பற்றி இரண்டு வரி. பைபாஸுக்கு ரத்தக்குழாய் எடுத்த காலில் சாயங்காலம் வீங்குவதும், தலையணை வைத்து உயர்த்தினால் காலையில் வடிவதும் சகஜம். வடியாமல் ஒரே காலில் கெண்டை இறுகி வலித்தால், சூடாகச் சிவந்து மேலேறினால், தையல் வாய் பிளந்தால் அதையும் அதே போனில் சொல்ல வேண்டும். எல்லோரும் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பதால் கால் காயம் கேட்பாரற்றுப் போகிறது.

எப்போது பெங்களூரை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்? எலும்பு தனியாக நகர்ந்தால், சீழோ நாற்றமோ வந்தால், நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினால், மூச்சு வாங்கினால், ஆள் குழம்பிப் பேசினாலோ தூங்கியபடியே கிடந்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தால். முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் உயிரை நிலைப்படுத்த வேண்டும், அவர்களே அறுவை செய்த இடத்தோடு பேசி அனுப்புவார்கள். அந்த நிலையில் மூன்று மணி நேரம் காரில் போவது விஷப்பரீட்சை.

காய்ச்சல் வந்தால் எல்லாமே நெஞ்சுக் காயம் என்றும் இல்லை. மஞ்சள் சளியோடு இருமல் என்றால் நுரையீரலாக இருக்கலாம். சிறுநீர்க் குழாய் வைத்திருந்தவருக்கு எரிச்சலோடு வந்தால் அந்த வழியாக இருக்கலாம். இதயத்தைச் சுற்றியுள்ள உறை எரிச்சலடைந்து, கிருமியே இல்லாமல் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் நெஞ்சுவலியும் வருவதும் உண்டு. இதைப் பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை. நம் வேலை, மறைக்காமல் கொண்டுபோய்க் காட்டுவது.

வால்வு மாற்றியவர்களுக்குத் தனியாக ஒன்று. அவர்களுக்கு இந்த எச்சரிக்கை மூன்று மாதத்தோடு முடிவதில்லை, ஆயுசுக்கும் உண்டு. காரணம் தெரியாமல் சில நாள் காய்ச்சல் நீடித்தாலே, ரத்தக் கல்ச்சர் எடுக்காமல் ஒரு ஆன்டிபயாடிக்கும் விழுங்கக் கூடாது; செயற்கை வால்வில் கிருமி உட்கார்ந்துகொண்டால் எடுப்பது பெரும்பாடு. அது உள்ளே போகும் முக்கிய வாசல்களில் ஒன்று வாய். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறை பிடித்தவர்கள் ஏராளம், அதனால் பல்லில் எது வந்தாலும் ‘தண்ணி அப்படி’ என்று விட்டுவிடுகிறோம். கறை வேறு, ஈறு வீங்கிச் சீழ் வைப்பது வேறு. பல் பிடுங்கப் போனால் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே வால்வு மாற்றியிருப்பதைச் சொல்லுங்கள், முன்கூட்டி ஒரு மருந்து தருவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடமும் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை ஏறுவது முதலில் அவர் நோட்டில்தான் தெரியும்.

இதை எழுதி முடிக்கும்போது உங்களிடமிருந்து போன் வந்தது, மற்ற வாசகர்களுக்காகச் சேர்த்துவிடுகிறேன். போட்டோவைப் பார்த்ததும் மறுநாளே வரச்சொல்லியிருக்கிறார்கள். எலும்பு உறுதியாக இருக்கிறதாம். தோலுக்கடியில் தையல் முடிச்சைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்ததால், கொஞ்சம் திறந்து வடித்து, கல்ச்சருக்கு அனுப்பி, சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்சுலினை அவர்களே கூட்டியிருக்கிறார்கள், காலையில் 160. கல்ச்சர் முடிவு இன்னும் வரவில்லை. அப்பா முதலில் கேட்டது, மாம்பழத்தின் மேல் குற்றம் இல்லை என்று ஆகிவிட்டதா என்பதுதானாம். குற்றம் இல்லை என்று நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்ல வேண்டாம், இப்போதைக்கு.